கத்தரிக்கோல் செய்யும் அறம்

அழகுநிலையம் என்பது வசதி படைத்தவர்கள் பொழுது போக்கும் இடம் என்ற எண்ணம் தமிழ்ச் சமூகத்திலிருந்து இன்னும் முழுமையாக மறைந்துவிடவில்லை. முடி திருத்துதல், புருவம் சீர்செய்தல், முகப் பராமரிப்பு, மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றைக் கட்டணம் பெற்றுச் செய்து தரும் வணிகமாக மட்டுமே அது பார்க்கப்படுகிறது. அறச்செயல் என்று பேச்செடுத்தால் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அன்னதானக் கூடமும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, பியூட்டி பார்லரோ சலூனோ நினைவுக்கு வருவதில்லை. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் இத்தொழிலைச் சேர்ந்தவர்களும், இத்தொழிலைக் கற்பிக்கும் பயிற்சிப் பள்ளிகளும் பல நாடுகளில் செய்துவந்துள்ள தொண்டுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, மற்றத் தொழில்கள் எளிதில் தர முடியாத சில உதவிகளை இத்தொழில் சமூகத்துக்குத் தந்துவருவது விளங்குகிறது.

எந்தத் தொழிலும் தன் வருவாயில் ஒரு பகுதியை நன்கொடையாக அளிக்கலாம். அதற்குத் தனித்திறன் ஏதும் தேவையில்லை. அழகுக்கலைத் தொழிலின் கையிலோ பணம் தவிர வேறு நான்கு செல்வங்கள் இருக்கின்றன. அன்றாடம் வெட்டப்பட்டுத் தரையில் விழும் முடி முதலாவது. பிறர் உடலைத் தொட்டுப் பேணுவதற்குப் பழகிய கைத்திறன் இரண்டாவது. நாற்காலியில் வந்து அமர்பவர் தம்மைத் தொடுபவர் மீது வைக்கும் நம்பிக்கை மூன்றாவது. சிறு முதலீட்டில் கற்றுக்கொண்டு தொடங்கக்கூடிய பிழைப்பு நான்காவது. இந்நான்கையும் கொடையாக மாற்றத் தெரிந்த நிலையங்களே இத்துறையில் நிலைத்த பயன் விளைவித்திருக்கின்றன.

முடிதிருத்தும் கலைக்கும் உடல்நலம் பேணும் பணிக்கும் உள்ள உறவு புதியதும் அன்று. தமிழகக் கிராமங்களில் முடிதிருத்தும் தொழிலைச் செய்துவந்த குடும்பங்களே தலைமுறை தலைமுறையாக நாட்டு வைத்தியமும் கட்டி கீறுதல் போன்ற சிறு அறுவைகளும் செய்துவந்தன. அக்குடும்பங்களின் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தனர். இங்கிலாந்திலும் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் 1540ஆம் ஆண்டு முதல் ஒரே தொழிற்சங்கத்தின் கீழ் இயங்கி, 1745இல்தான் தனித்தனியே பிரிந்தனர். எனவே இன்றைய அழகுநிலையங்கள் நோயுற்றோருக்கு உதவ முன்வருவதை, பழைய கடமை ஒன்று புதிய வடிவில் தொடர்வதாகவே கொள்ள வேண்டும்.

முடிதானமும் அதன் நுட்பமும்

அழகுநிலையங்களின் தொண்டுகளில் மக்கள் அதிகம் அறிந்தது முடிதானம். புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கீமோதெரபி, அதாவது வேதி மருந்துகளால் புற்றுச்செல்களை அழிக்கும் சிகிச்சை, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தேடித் தாக்குகிறது. முடி முளைக்கும் வேர்ப்பகுதியாகிய மயிர்க்காலில் உள்ள செல்களும் அதே வேகத்தில் பிரிபவை என்பதாலும், தலையில் உள்ள முடிகளில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளரும் நிலையிலேயே இருக்கும் என்பதாலும், பல மருந்துகள் அவற்றையும் சேர்த்துப் பாதிக்கின்றன. சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலோருக்கு அது மீண்டும் வளர்ந்துவிடும் என்றாலும், இடைப்பட்ட காலத்தில் வெளியில் செல்லவும் வேலைக்குப் போகவும் பள்ளிக்குத் திரும்பவும் நோயாளி தயங்குகிறார். புழுவெட்டு என்று மக்கள் அழைக்கும் நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் முடி உதிர்கிறது. சில குழந்தைகளுக்கு இதனால் தலைமுடி முழுவதுமே போய்விடுவதும் உண்டு.

முடி இழந்த இத்தகைய குழந்தைகளுக்குப் பொய்முடி செய்து தர, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த முடி அலங்காரக் கலைஞரான ஜெஃப்ரி பால் 1981இல் ‘விக்ஸ் ஃபார் கிட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடைய உறவுக்காரச் சிறுமி ஒருத்தி இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி இழந்ததே அதற்குக் காரணமாக அமைந்தது. 1997இல் ஃபுளோரிடாவில் ‘லாக்ஸ் ஆஃப் லவ்’ அமைப்பும், 2006இல் இங்கிலாந்தில் ‘லிட்டில் பிரின்சஸ் டிரஸ்ட்’ அமைப்பும் தோன்றின. புற்றுநோயால் இறந்த தங்கள் மகளின் நினைவாகப் பெற்றோர் தொடங்கியது இவற்றுள் பின்னையது. இவ்வமைப்புகள் அனைத்துக்கும் முடியைச் சேகரித்து அனுப்பும் வாயில்களாக இருப்பவை ஊர்தோறும் உள்ள சலூன்களும் பயிற்சிப் பள்ளிகளுமே. தானம் செய்ய வருவோருக்கு அவற்றுள் பல கட்டணமின்றியே முடி வெட்டி விடுகின்றன.

இங்கே தொழிலறிவு தேவைப்படுகிறது. முடியின் மேற்புறம், கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து அடுக்கப்பட்டிருப்பது போல, வேரிலிருந்து நுனி நோக்கிச் சரிந்த நுண்ணிய அடுக்குகளால் ஆனது. எல்லா முடிகளும் ஒரே திசையில் அமைந்தால்தான் விக் எனப்படும் பொய்முடி வழுவழுப்பாக இருக்கும். வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்துவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று கொளுவிச் சிக்கு விழுந்துவிடும். தரையிலிருந்து கூட்டி அள்ளிய முடி விக் செய்யப் பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம். ஆகவே பயிற்சி பெற்ற கலைஞர் முதலில் முடியை அலசி, முழுவதும் உலர்த்தி, பின்னலாகப் பின்னியோ பல சிறு கற்றைகளாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டோ இறுக்கிக் கட்டிவிட்டு, கட்டுக்கு மேற்புறத்தில் வெட்டுகிறார். ஈரத்தோடு கட்டி வைத்த முடியில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் உலர்த்துவதில் சிறிதும் அவசரம் கூடாது.

நிறுவனங்கள் பொதுவாக 10 முதல் 12 அங்குலத்துக்குக் குறையாத நீளத்தைக் கேட்கின்றன. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்வதால், 12 அங்குல முடி என்பது ஒருவர் இரண்டு ஆண்டுகள் பொறுமையாக வளர்த்தது. வெண்மையாக்கும் ரசாயனம் ஏற்றிய முடியைப் பெரும்பாலான அமைப்புகள் ஏற்பதில்லை. ஒருவர் தரும் முடியைக் கொண்டு ஒரு விக் செய்துவிடவும் முடியாது. பலர் தந்த முடிகளை நீளவாரியாகவும் நிறவாரியாகவும் பிரித்து, மெல்லிய வலைத்துணியில் சில இழைகளாகக் கொக்கி ஊசியால் முடிந்து முடிந்து ஒரு தலைக்குரிய விக்கை உருவாக்குகின்றனர். வந்து சேரும் முடியில் பெரும்பகுதி நீளம் குறைந்தோ, நரைத்தோ, ஈரத்தில் கெட்டோ பயனற்றுப் போவதாகத் தொண்டு நிறுவனங்களே தெரிவித்துள்ளன. நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட முடி வீணாகாமல் காப்பது, கத்தரிக்கோலைப் பிடித்திருப்பவரின் அறிவைப் பொறுத்தது.

குப்பைக்குப் போகும் முடியின் பயன்

விக்குக்கு உதவாத துண்டு முடியும் பயனற்றது அன்று என்பதைக் காட்டியவர் ஒரு முடிதிருத்துநரே. 1989 மார்ச் மாதம் அலாஸ்கா கடற்பகுதியில் ‘எக்ஸான் வால்டீஸ்’ என்ற கப்பல் தரைதட்டி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியபோது, அலபாமா மாநிலத்தில் சலூன் நடத்திவந்த ஃபில் மெக்ரோரி, நீர்நாய்களின் மயிர் எண்ணெயை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதைத் தொலைக்காட்சியில் கண்டார். மிருகத்தின் மயிர் பற்றுமானால் மனித முடியும் பற்றும் என்று கருதிய அவர், தம் கடையில் விழுந்த முடியைப் பெண்கள் அணியும் நீள் காலுறைக்குள் அடைத்து, சிறுவர் விளையாடும் நீர்த்தொட்டியில் பழைய மோட்டார் எண்ணெயை ஊற்றிச் சோதித்தார். சில நிமிடங்களில் எண்ணெய் முடியைச் சேர்ந்தது, நீர் தெளிந்தது. பின்னர் 1998இல் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் இம்முறையை ஆய்வு செய்து, அது பயனளிப்பதை உறுதிசெய்தது.

பஞ்சு நீரை உள்ளிழுப்பது உறிஞ்சுதல். முடி எண்ணெயைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்வது புறப்பரப்புக் கவர்ச்சி என்று வேதியியலில் குறிப்பிடப்படுகிறது. மெக்ரோரியின் இக்கண்டுபிடிப்பைப் பயன்படுத்தி, சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ‘மேட்டர் ஆஃப் டிரஸ்ட்’ என்ற தொண்டு நிறுவனம் சலூன்களிலிருந்து முடியைப் பெற்றுப் பாய்களாகவும் நீண்ட உருளைகளாகவும் செய்துவருகிறது. 2007 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் ‘காஸ்கோ பூசான்’ கப்பல் பாலத்தில் மோதி ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியபோது, தன்னார்வலர்கள் இப்பாய்களைக் கொண்டு கடற்கரை மணலைத் துடைத்தனர். 2020இல் மொரீசியஸ் கடலில் ‘வகாஷியோ’ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோதும் அத்தீவின் மக்கள் தங்கள் முடியை வெட்டிக் கொடுத்தனர்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, சலூன்களிலிருந்து மலைபோல் முடி வந்து குவிந்தும், முடி உருளைகள் நீரில் ஊறி மூழ்கக்கூடியவை என்றும் தொழிற்சாலையில் செய்த உருளைகளே மேலானவை என்றும் கூறி அதிகாரிகள் அவற்றைக் கடலில் பயன்படுத்தவில்லை. கரையோரத்தையும் கழிவுநீர் வடிகால்களையும் சுத்தப்படுத்த உகந்த பொருள், ஆழ்கடலுக்கும் உகந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. உதவிப் பொருளைச் சேகரிக்கத் தொடங்கும் முன், களத்தில் அது தேவைப்படுகிறதா என்று கேட்டறிவது எந்தத் தொண்டுக்கும் முதற்படி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நோயாளியின் முகத்தைத் தொடும் கை

கைத்திறனைக் கொடையாக மாற்றிய முயற்சிகளில் உலகெங்கும் பரவியது ‘லுக் குட் ஃபீல் பெட்டர்’ திட்டம். புற்றுநோய்ச் சிகிச்சையால் தோற்றம் மாறி, மருத்துவமனை அறையை விட்டு வெளிவர மறுத்த ஒரு பெண்ணுக்கு ஒப்பனை செய்து விட ஏற்பாடு செய்ய முடியுமா என்று அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1987இல் அழகுப்பொருள் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரிடம் கேட்டதே இதன் தொடக்கம். அச்சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அழகுக்கலைஞர்களின் தேசியச் சங்கமும் சேர்ந்து 1989இல் அதை நாடு தழுவிய திட்டமாக்கின. 1994இல் அது பிரிட்டனுக்கும் சென்றது.

இத்திட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. உற்பத்தியாளர்கள் பொருள்களை இலவசமாகத் தருகின்றனர். மருத்துவமனை இடம் தருகிறது. பயிற்சி பெற்ற அழகுக்கலைஞர்கள் தங்கள் நேரத்தைத் தருகின்றனர். சிகிச்சையில் உள்ள பெண்கள் சிறு குழுவாக அமர்ந்து, வறண்ட தோலைப் பேணுவது, உதிர்ந்த புருவத்தை வரைந்துகொள்வது, தலைக்குத் துணி கட்டுவது, விக்கைப் பராமரிப்பது ஆகியவற்றைத் தாமே செய்யக் கற்றுக்கொள்கின்றனர். எந்த நிறுவனத்தின் பொருளையும் இங்கு விற்கவோ புகழ்ந்து பேசவோ கூடாது. சிகிச்சையின்போது இரத்த வெள்ளணுக்கள் குறைந்து தொற்று எளிதில் பற்றும் என்பதால், ஒருவர் பயன்படுத்திய தூரிகையையோ உதட்டுச்சாயத்தையோ இன்னொருவர் தொடக்கூடாது என்பதும் கண்டிப்பான விதி. ஒப்பனை நோயைக் குணப்படுத்தாது. குணப்படுத்தும் என்று இத்திட்டம் ஒருபோதும் சொல்லிக்கொண்டதும் இல்லை. கண்ணாடியில் தம்மைத் தாமே அடையாளம் காண முடியாமல் தவிக்கும் ஒருவருக்குப் பழைய முகத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதும், அதே துன்பத்தில் உள்ள மற்றவர்களோடு ஒரு மணி நேரம் பேச வைப்பதும் இதன் நோக்கம். அந்த நோக்கம் சிறியதன்று.

நாற்காலியில் பிறக்கும் நம்பிக்கை

முடி திருத்திக்கொள்ளும் அரை மணி நேரத்தில் மக்கள் மனம் விட்டுப் பேசுகின்றனர். ஆண்டுக்கணக்கில் ஒரே கலைஞரிடம் செல்லும் பெண், குடும்பத்தாரிடமோ மருத்துவரிடமோ சொல்லாததை அவரிடம் சொல்வதுண்டு. சொல்லாவிட்டாலும், கழுத்திலும் உச்சந்தலையிலும் உள்ள காயங்களை முதலில் காண்பவர் அக்கலைஞரே. இதை உணர்ந்து, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் தோன்றிய ‘கட் இட் அவுட்’ இயக்கம், குடும்ப வன்முறையின் அறிகுறிகளை அறியவும், பாதிக்கப்பட்டவரை அச்சுறுத்தாமல் பேசவும், உதவி மையங்களின் விவரத்தைத் தரவும் சலூன் பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் பயிற்சியளித்தது. இல்லினாய் மாநிலம் 2017 ஜனவரி முதல் இப்பயிற்சியைச் சட்டமாகவே ஆக்கி, அழகுக்கலை உரிமத்தைப் புதுப்பிப்போர் ஒரு மணி நேரம் இதைக் கற்க வேண்டும் என்று விதித்தது. கண்டதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை; புலனாய்வுப் பணி அவர்கள் மேல் சுமத்தப்பட்டால் வாடிக்கையாளர் பேசுவதையே நிறுத்திவிடுவார் என்பதால் இந்த வரம்பு அறிவுடையது.

ஆண்களின் முடிதிருத்தகங்களில் இதே நம்பிக்கை உயிர் காக்கும் மருந்தாகப் பயன்பட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 52 முடிதிருத்தகங்களில், உயர் இரத்த அழுத்தம் கொண்ட 319 கறுப்பின ஆண்களை வைத்து மருத்துவர் ரொனால்டு விக்டர் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கிய அவர்களுக்கு மருந்தாளுநர்கள் கடைக்கே வந்து மருந்து அளித்த பிரிவில், ஆறு மாதத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது; மருத்துவரைப் பாருங்கள் என்று முடிதிருத்துநர் அறிவுரை மட்டும் கூறிய பிரிவில் 9 புள்ளிகளே குறைந்தது. நம்பிக்கைக்குரிய இடத்தில் மருத்துவம் சேரும்போது பலன் எவ்வளவு கூடுகிறது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று.

வாழ வழி காட்டும் தொழில்

நான்காவது கொடையாகிய தொழிற்பயிற்சிக்கு நெஞ்சைத் தொடும் எடுத்துக்காட்டு பாகிஸ்தானில் உள்ளது. லாகூரில் ‘டெபிலெக்ஸ்’ என்ற அழகுநிலையத்தைத் தொடங்கிப் பல நகரங்களில் கிளை பரப்பிய முசரத் மிஸ்பாவிடம், 2003ஆம் ஆண்டு முகத்தை மூடிய பெண் ஒருவர் வந்து உதவி கேட்டார். திரை விலகியபோது, அமிலத்தால் உருகிய முகம் தெரிந்தது. எந்த ஒப்பனையும் அங்கே பயன்படாது என்பதை உணர்ந்த மிஸ்பா, ‘டெபிலெக்ஸ் ஸ்மைல் அகெய்ன்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். அமிலத்தாலும் தீயாலும் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அது அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறது. மன ஆறுதல் அளிக்கிறது. விரும்புவோருக்கு அழகுக்கலை கற்றுத்தந்து, தன் நிலையங்களிலேயே வேலையும் தருகிறது. முகம் சிதைக்கப்பட்ட பெண், பிறர் முகத்தை அழகுபடுத்தும் கலையில் தேர்ந்து, வாடிக்கையாளர் முன் முகம் மறைக்காமல் நின்று சம்பாதிக்கிறார். உன் வாழ்வு இதோடு முடிந்தது என்று அமிலம் வீசியவன் எண்ணியதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது.

ஆப்கானிஸ்தானில் தாலிபானின் முதல் ஆட்சி வீழ்ந்த பின், அமெரிக்க அழகுக்கலைஞர்களும் நிறுவனங்களும் அளித்த உதவியால் 2003இல் காபூலில் ஓர் அழகுக்கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்கள் மட்டுமே வந்துபோகும் இடம் என்பதால் அழகுநிலையம் அங்கே பெண்களின் சம்பாத்தியத்துக்கும் சந்திப்புக்கும் எஞ்சியிருந்த அரிய வாயிலாக வளர்ந்தது. 2023 ஜூலையில் தாலிபான் அரசு அழகுநிலையங்கள் அனைத்தையும் மூட உத்தரவிட்டபோது, ஏறத்தாழ 60,000 பெண்கள் வேலையிழப்பார்கள் என்று அந்நாட்டுப் பெண் தொழில்முனைவோர் அமைப்பு கணித்தது. ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்கிறது.

இந்தியாவிலும் இவ்வழி அறியப்பட்டதே. அழகுக்கலை நிபுணர் ஷானாஸ் உசேன் தம் நிறுவனத்தின் வழியாகச் செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்றோருக்கும் பார்வையற்றோருக்கும் அழகுக்கலைப் பயிற்சி அளித்தார். கோத்ரெஜ் நிறுவனத்தின் ‘சலூன்-ஐ’ திட்டம் குறைந்த வருமானக் குடும்பப் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்பித்துவருகிறது.

பயிற்சிப் பள்ளியின் தனிப் பங்கு

தொண்டுக்குப் பயிற்சிப் பள்ளி குறிப்பாக ஏற்ற இடம். அமெரிக்காவில் அழகுக்கலை உரிமம் பெற, பல மாநிலங்களில் ஆயிரம் மணி நேரமோ அதற்கு மேலோ பயில வேண்டும். அதில் பெரும்பகுதி உண்மையான மனிதர்களின் தலையிலும் முகத்திலும் கைப்பழகுவது. கட்டணம் செலுத்த இயலாத முதியோரும் வீடற்றோரும் வேலை தேடி நேர்காணலுக்குச் செல்வோரும் இச்சேவையைப் பெறும்போது, மாணவருக்குப் பயிற்சியும் வந்தவருக்குப் பயனும் ஒருங்கே கிடைக்கின்றன.

‘கட்-அ-தான்’ எனப்படும் நிகழ்ச்சி இப்பள்ளிகளில் வழக்கமானது. குறித்த ஒரு நாளில் காலை முதல் மாலை வரை மாணவர்களும் ஆசிரியர்களும் முடி திருத்தி, அன்று வசூலான தொகை முழுவதையும் ஒரு நற்பணிக்கு வழங்குவதே அது. அமெரிக்கா முழுவதும் கிளைகள் கொண்ட பால் மிட்செல் பள்ளிகள் 2004 முதல் ஆண்டுதோறும் நிதி திரட்டும் இயக்கம் நடத்தி, குழந்தைகள் மருத்துவமனைகள், வீடற்றோர் இல்லங்கள், பசி ஒழிப்புப் பணிகள் போன்றவற்றுக்கு 2 கோடி டாலருக்கும் மேல் திரட்டித் தந்துள்ளன. தொகையைக் காட்டிலும் பழக்கம் பெரிது. தொழில் கற்கும் பருவத்திலேயே தன் கைத்திறன் பிறர் துன்பத்தைக் குறைக்கும் என்று கண்டுகொண்ட மாணவர், பின்னாளில் கடை வைக்கும்போது அதை மறப்பதில்லை.

தொண்டில் தவிர்க்க வேண்டியவை

இத்தொண்டில் சில தவறுகள் எளிதில் நுழைந்துவிடுகின்றன. முதலாவது விளம்பர ஆசை. வீடற்றவரின் தாடியை மழிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைச் சமூக ஊடகத்தில் பரப்பும்போது, உதவி பெற்றவரின் மானம் விலையாகிறது. அவருடைய தெளிவான ஒப்புதல் இன்றிப் படம் எடுப்பது தவறு, ஒப்புதல் தராவிட்டால் உதவி கிடைக்காதோ என்று அவர் அஞ்சும்படி கேட்பது அதைவிடத் தவறு. இரண்டாவது, கணக்கில் தெளிவின்மை. வருவாயில் ஒரு பகுதி நன்கொடைக்கு என்று எழுதிவைக்கும் நிலையம், எந்தப் பகுதி, எந்த நிறுவனத்துக்கு, எப்போது கொடுக்கப்பட்டது என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டக் கடமைப்பட்டது. மூன்றாவது, மாணவரின் உழைப்பைச் சுரண்டுவது. தொண்டு என்ற பெயரில் பாட நேரத்தையும் ஓய்வையும் பறிக்கும் பள்ளி, மாணவருக்கு அறத்தைக் கற்பிப்பதில்லை. நான்காவது, சுத்தமின்மை. இலவசமாகச் செய்யும் சேவையிலும் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடும் கிருமிநீக்கிய கத்தரிக்கோலும் துவைத்த துண்டும் வேண்டும். நலிந்த உடலுக்கு அவை கூடுதலாகவே வேண்டும்.

தமிழகத்தில் செய்யக்கூடியவை

முடியைக் கொடுப்பது தமிழருக்குப் புதிதன்று. பழனியிலும் சமயபுரத்திலும் திருப்பதியிலும் மொட்டையடித்து நேர்த்திக்கடன் செலுத்தும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. அங்கு சேரும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, உலகின் விக் சந்தைக்குச் செல்கிறது. கடவுளுக்கு முடி கொடுக்கத் தயங்காத சமூகம் நோயாளிக்குக் கொடுக்கவும் தயங்காது என்பதை, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் நோயாளிகளுக்காகத் தன்னார்வ அமைப்புகள் நடத்திய முடிதான முகாம்களில் கல்லூரி மாணவிகள் காட்டிய ஆர்வம் மெய்ப்பித்திருக்கிறது. இந்த ஆர்வத்தை ஆண்டு முழுவதும் தொடரும் ஏற்பாடாக மாற்றும் வசதி, தெருவுக்குத் தெரு உள்ள அழகுநிலையங்களிடமே இருக்கிறது.

அதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. முடிதானம் செய்ய விரும்புவோர், வெட்டிக்கொள்ளும் முன்பே பெறும் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, எத்தனை அங்குலம் வேண்டும், சாயம் ஏற்றிய முடியை ஏற்பார்களா, எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். பணமாகக் கொடுப்போர், அந்நிறுவனம் முறையாகப் பதிவு பெற்றதா, வருமானவரிச் சலுகைக்கான இரசீது தருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையம் நடத்துவோர் மாதத்தில் ஒரு நாளை அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்கோ மனநலக் காப்பகத்துக்கோ ஒதுக்கலாம். குடும்ப வன்முறையால் துன்புறும் பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணைக் கண்ணாடியின் ஓரத்திலோ கழிவறைக் கதவின் உட்புறத்திலோ ஒட்டி வைக்கலாம். பயிற்சிப் பள்ளி நடத்துவோர், கணவனை இழந்தவரோ கைவிடப்பட்டவரோ ஒருவரையாவது ஒவ்வொரு வகுப்பிலும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.

அழகுக்கலையை ஆடம்பரம் என்று ஒதுக்குவது, நோயாலும் வன்முறையாலும் வறுமையாலும் தோற்றத்தை இழந்தவர்களின் துயரை அறியாத பேச்சு. மனிதர் தம் முகத்தோடு ஊர் முன் நிமிர்ந்து நிற்பதற்கு உதவும் தொழில் எதுவாயினும் அது மதிப்புக்குரியது. அத்தொழிலை நம்பி வாழ்வோர் மாதத்தில் ஒரு நாளேனும் அதை விலையின்றி வழங்கவும், அவ்வாறு வழங்கும் நிலையத்தைத் தேடிச் சென்று ஆதரிப்பதை வாடிக்கையாளர்கள் தங்கள் கடமையாகக் கொள்ளவும் வேண்டும்.